மாமியாருக்கு டிமென்ஷியா, எனக்குக் கோபமும் குற்ற உணர்வும்: ஒரு மருமகளின் கேள்விக்கு விரிவான பதில்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுதியவருக்கு வயது 46, திண்டுக்கல் பக்கம். மாமியாருக்கு 78, டிமென்ஷியா, அதாவது மறதி நோய் என்று டாக்டர் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. கணவர் காலையில் மில்லுக்குப் போனால் ராத்திரிதான் வருகிறார், நாத்தனார் சென்னையில், கொழுந்தனார் சிங்கப்பூரில், மகள் பத்தாம் வகுப்பு. போன வாரம் நடுராத்திரியில் மாமியார் மறுபடி மறுபடி எழுந்து வாசல் கதவைத் திறக்கப் போனபோது இவர் அவருடைய கையைப் பிடித்து வேகமாக இழுத்துவிட்டாராம், மணிக்கட்டு சிவந்துவிட்டது. "சில நாள் இவங்க சீக்கிரம் போய்ச் சேர்ந்துட்டா தேவலைன்னு தோணுது, அப்புறம் அழுகையா வருது, நான் இவ்வளவு கெட்டவளா?" என்று கேட்கிறார். ஊரில் எல்லோரும் "பெத்த மக மாதிரி பார்த்துக்கிற, உனக்குப் புண்ணியம்" என்கிறார்கள், அதைக் கேட்டால் இன்னும் எரிச்சலாக வருகிறது என்றும் எழுதியிருக்கிறார்.

இல்லை, நீங்கள் கெட்டவர் இல்லை. மறதி நோய் உள்ள பெரியவர்கள் இருக்கும் வீடுகளுக்குப் போய்க் குடும்பத்தாரோடு பேசுவதுதான் என் வேலை, "போய்ச் சேர்ந்தா தேவலை" என்ற நினைப்பு வராத வீட்டைப் பார்த்தது அபூர்வம். பெற்ற மகள்களுக்கும் வருகிறது, ஐம்பது வருடம் கூட வாழ்ந்த கணவன்மாருக்கும் வருகிறது. உள்ளே உட்கார்ந்து பேசும்போது சொல்ல மாட்டார்கள், வழியனுப்ப வாசல்வரை வந்து, நான் செருப்பு மாட்டும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வார்கள். அந்த நினைப்பில் இரண்டு ஆசை கலந்திருக்கிறது: அவர் படுகிற பாடு முடியட்டும், நம் தூக்கமில்லாத ராத்திரிகளும் முடியட்டும். இரண்டிலும் பாவம் எதுவும் இல்லை.

ஆனால் மணிக்கட்டு விஷயத்தை அப்படி விட முடியாது, நீங்கள் எழுதியதில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அதுதான். முதலில் அந்தக் கையை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள், வீக்கம் இருக்கிறதா, விரலை மடக்க முடிகிறதா, தொட்டால் முகம் சுளிக்கிறாரா என்று. வயதான தோல், அதிலும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் சுலபமாகக் கன்றிப்போகும், சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் காட்டி நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். அடுத்த முறை அந்த வேகம் கையில் ஏறும்போது என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள், அந்த நேரத்தில் யோசனை ஓடாது. அவரை ஒரு இடத்தில் உட்கார வையுங்கள், வாசல் தாழ் போட்டிருக்கிறதா, அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய் ஐந்து நிமிடம் நில்லுங்கள். அவர் கத்தட்டும், பரவாயில்லை. கணவர் வீட்டில் இருந்தால் எழுப்புங்கள், காலையில் ஷிப்டு இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். கையை இழுத்ததைக் கணவரிடம் சொல்லியும் விடுங்கள். பெரியவர்களை அடிக்கும் வீடுகள் என்றதும் நாம் கொடுமைக்காரர்களைத்தான் நினைக்கிறோம், நான் பார்த்தவற்றில் பல, நன்றாகவே பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தர் மாற்று ஆள் இல்லாமல் மாதக்கணக்கில் தூங்காமல் போனதில் ஆரம்பித்து, அதை யாரிடமும் சொல்லாமல் மறைத்ததில் வளர்ந்தவை.

அதனால் உங்களுக்கு முதலில் வேண்டியது தூக்கம். தியானம், மூச்சுப் பயிற்சி, நல்லதையே நினைப்பது எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், வாரத்தில் இரண்டு ராத்திரியாவது தொடர்ந்து ஆறு மணி நேரம் நீங்கள் தூங்கியாக வேண்டும். அந்த இரண்டு ராத்திரியும் உங்கள் கணவருடையது. மில் லீவு நாளுக்கு முந்தின ராத்திரி ஒன்று, இன்னொன்று அவரே சொல்லட்டும். அன்று நீங்கள் வேறு அறையில், முடிந்தால் மாடியில், கதவைச் சாத்திக்கொண்டு படுக்க வேண்டும், ஒரே அறையில் படுத்தால் மாமியார் இருமினாலே நீங்கள்தான் எழுவீர்கள். மாமியாரின் ராத்திரியையும் கொஞ்சம் திருத்தலாம். பகலில் உணவுக்குப் பிறகு அரை மணி நேரத்துக்கு மேல் தூங்க விடாதீர்கள், காலை வெயிலில் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார வையுங்கள், மூன்று மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம். தண்ணீரைப் பகலிலேயே நிறையக் கொடுத்துவிட்டு ஏழு மணிக்கு மேல் குறைத்துக்கொள்ளுங்கள், படுக்கும் முன் பாத்ரூம் கூட்டிப் போங்கள். அறையிலிருந்து பாத்ரூம்வரை சின்ன ராத்திரி விளக்கு எரியட்டும். வாசல் கதவுக்கு அவர் கை போகாத உயரத்தில் ஒரு தாழ், கூடவே திறந்தால் சத்தம் கேட்கிற மாதிரி ஒரு மணி. மணி இருந்தால் பாதித் தூக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. தூக்க மாத்திரையை மட்டும் நீங்களாக மெடிக்கலில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், இந்த நோயில் அது குழப்பத்தைக் கூட்டும், கீழே விழவும் வைக்கும்.

இன்னொன்று, மூன்று வருடமாக ஒரு மாதிரி இருந்தவர் இரண்டே நாளில் திடீரென்று ரொம்ப மோசமானால், அதை நோய் முற்றிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், எங்கேயோ ஒரு வலி, புதிதாக ஆரம்பித்த மாத்திரை, இவற்றில் எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். அவருக்கு வாய்விட்டுச் சொல்லத் தெரியாது, அதனால்தான் கத்துகிறார். உடனே காட்டினால் பெரும்பாலும் சரியாகும்.

கோபத்துக்கு வருகிறேன். ஒரே கேள்வியை இருபது தடவை கேட்பதும், "என் நகையை நீதான் எடுத்துட்ட" என்பதும்தான் உங்களை அதிகம் நோகடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நோயில் பெரும்பாலும் முதலில் அடிபடுவது புதிய விஷயங்களைப் பதிந்து வைக்கும் மூளைப் பகுதி. பழையது நெடுநாள் இருக்கும், பத்து நிமிடத்துக்கு முன்னால் நடந்தது பதியவே பதியாது. அவர் இருபதாவது தடவை கேட்கும்போது அவருக்கு அது முதல் தடவைதான். திருட்டுப் பழியும் அங்கிருந்துதான் வருகிறது: பொருளை எங்கேயோ வைத்தார், வைத்தது பதியவில்லை, இப்போது காணோம், யாரோ எடுத்திருக்க வேண்டும், நாள் முழுக்கக் கண்ணில் படுகிற ஆள் நீங்கள் ஒருத்திதான். அதனால் பழி உங்கள் மேல். சென்னையிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற மகள் மேல் இந்தப் பழி வராது, "என் தங்கம் வந்துட்டா" என்று கட்டிக்கொள்வார். இருபது வருஷ மாமியார் மருமகள் கணக்கு ஏதாவது உங்கள் இருவருக்கும் இருந்திருந்தால், மனதில் இருந்ததைத்தான் இப்போது வாய் சொல்கிறது என்று தோன்றும். அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள், பெற்ற மகளைத் திருடி என்று சொல்கிற அம்மாக்களையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

திருமங்கலம் பக்கம் ஒரு வீட்டில், பாட்டி காலை எழுந்ததிலிருந்து இடுப்பைத் தடவிக்கொண்டே இருப்பார், சுருக்குப் பையைக் காணோம், மருமகள் எடுத்துவிட்டாள் என்று தெருவுக்கே கேட்கும். அவர் சுருக்குப் பை வைத்திருந்தது இருபது வருஷத்துக்கு முன்னால், சந்தையில் காய்கறி விற்ற காலத்தில். மருமகள் முதலில் விளக்கம் சொல்லிப் பார்த்தார், சத்தியம் செய்து பார்த்தார், அழுதும் பார்த்தார். கடைசியில் பழைய ஜாக்கெட் துணியில் ஒரு சுருக்குப் பை தைத்து, உள்ளே சில்லறைக் காசும் ஒரு கொட்டைப் பாக்கும் போட்டுப் பாட்டியின் இடுப்பில் சொருகிவிட்டார். அதற்கப்புறம் பாட்டி ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பையைத் திறந்து காசை எண்ணிவிட்டு மூடுவார், திட்டுவது அடியோடு நிற்கவில்லை என்றாலும் நிறையக் குறைந்தது. காசை எண்ணுகிற அந்த நேரமெல்லாம் மருமகளுக்குச் சமைக்கக் கிடைத்தது. எல்லா வீட்டுக்கும் சுருக்குப் பை பொருந்தாது, ஆனால் விவாதத்தில் ஜெயிக்கப் பார்க்காமல் அவர் தேடுவது என்ன என்று பார்ப்பது எல்லா வீட்டுக்கும் பொருந்தும். சாயங்காலம் ஆனதும் "எங்க வீட்டுக்குப் போகணும்" என்று மூட்டை கட்டுகிறாரே, "இதுதானே அத்தை உங்க வீடு" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருப்பீர்கள். "சரி அத்தை, போவோம், கஞ்சி குடிச்சிட்டுக் கிளம்புவோம்" என்று சொல்லிப் பாருங்கள், தெருமுனைவரை நடத்திக் கூட்டிப் போய்த் திரும்பி வாருங்கள். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களிடமும் ஒன்று சொல்லிவிடுங்கள், "நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்று பரீட்சை வைக்கக் கூடாது. அவர்கள் போன பிறகு அந்தப் பதற்றம் முழுவதும் உங்கள் தலையில்தான் விடியும்.

அந்த அழுகையைப் பற்றி. நீங்கள் அதைக் குற்ற உணர்வு என்கிறீர்கள், அதில் பாதி துக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்குக் குழம்பு வைக்கச் சொல்லிக் கொடுத்தவர், உங்கள் பிரசவத்தில் கூட இருந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மனுஷி போய்விட்டார், உடம்பு மட்டும் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது. பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில், வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களை வைத்து இந்த மாதிரியான இழப்பைப் பற்றி எழுத ஆரம்பித்தார். ஆள் திரும்பி வருவாரா மாட்டாரா என்று தெரியாத அந்தக் குடும்பங்கள் துக்கத்தை முடிக்கவும் முடியாமல், நம்பிக்கையை விடவும் முடியாமல் தவித்தன. பின்னால் மறதி நோய் வந்தவர்களின் குடும்பங்களிலும் அதே தவிப்பை அவர் கண்டார். நம் ஊரில் ஒரு சாவு விழுந்தால் தெருவே வருகிறது, கட்டிப்பிடித்து அழலாம், துக்கம் கேட்க வருகிறார்கள், பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஒரு கணக்கு முடிகிறது. உங்களுக்கு நடப்பதற்குத் துக்கம் கேட்க யாரும் வருவதில்லை, மாறாக "புண்ணியம்" என்கிறார்கள். எரிச்சல் வராமல் என்ன செய்யும்? புண்ணியம் என்று சொல்லிவிட்டால் சொன்னவருக்கு அதோடு கடமை முடிந்தது, நீங்களோ இனி அலுத்துக்கொள்ளவும் கூடாது என்று ஆகிவிடுகிறது. மாமியாரைப் பற்றிப் பழையதைப் பேச ஒரு ஆளைப் பிடியுங்கள். நாத்தனாரே சரியான ஆளாக இருக்கலாம், அவரும் தன் அம்மாவை இழந்துகொண்டிருக்கிறார், தூரத்தில் இருப்பதால் அதை அதட்டலாகக் காட்டுகிறார். "உங்கம்மா வைக்கிற கருவாட்டுக் குழம்பு ஞாபகம் இருக்கா" என்று நீங்கள் ஆரம்பித்தால் அந்த போன் பேச்சு வேறு மாதிரி போகலாம்.

இப்போது முக்கியமான விஷயம், வேலையைப் பிரிப்பது. உங்களுக்கு ஆறுதல் சொல்ல ஊரே இருக்கிறது, ஒரு மணி நேரம் மாமியார் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. நீங்கள் கேட்க வேண்டியது ஆளையும் நேரத்தையும் பணத்தையும்தான், அதைக் கணக்கோடு கேட்க வேண்டும். ஒரு நோட்டு எடுத்து ஒரே ஒரு வாரம், மணி வாரியாக எழுதுங்கள். ராத்திரி ஒன்றரைக்கு எழுந்தார், துணி மாற்றியது, படுக்கை விரிப்பு அலசியது, ஆறு மணிக்குப் பல் துலக்கி விட்டது, இட்லி ஊட்ட முக்கால் மணி நேரம், குளிக்க வைக்க ஒரு மணி நேரம், இப்படியே. அதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுங்கள், பக்கத்தில் புகார் ஒரு வரி கூட எழுத வேண்டாம். "அம்மாவை வேற டாக்டர்கிட்ட காட்டினீங்களா அண்ணி, யூடியூப்ல ஒரு மூலிகை சொன்னாங்க" என்று போனில் கேட்பவர்களுக்கு உங்கள் நாள் எப்படிப் போகிறது என்று உண்மையிலேயே தெரியாது. அவர்கள் பார்ப்பது வீடியோ காலில் பவுடர் பூசி உட்கார்ந்திருக்கும் அம்மாவை.

அப்புறம் கணவர், நாத்தனார், கொழுந்தனார் மூன்று பேரையும் ஒரே போன் காலில் வைத்துப் பேசுங்கள், பேச்சை உங்கள் கணவர் ஆரம்பிக்கட்டும். மருமகள் கேட்டால் அது மாமியாரைத் தள்ளிவிடப் பார்ப்பதாக ஆகிவிடும், மகன் கேட்டால் அது அம்மாவுக்கான ஏற்பாடு. நியாயமில்லாத விஷயம்தான், ஆனாலும் முதல் தடவை அந்த வழியில் போனால் வேலை நடக்கும். "ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க" என்று யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே ஒன்றைச் சொல்லுங்கள். கொழுந்தனாருக்கு: பகலில் ஆறு மணி நேரம் உதவிக்கு ஒரு அம்மா வைக்கப் போகிறோம், மாதச் சம்பளம் உங்களுடையது, ஒன்றாம் தேதி வந்துவிட வேண்டும். நாத்தனாருக்கு: மூன்று மாதத்துக்கு ஒரு முறை பத்து நாள் இங்கே வந்து தங்குங்கள், அந்தப் பத்து நாள் நான் எங்கம்மா வீட்டுக்குப் போகிறேன். "அம்மாவை இங்க அனுப்புங்க" என்று அவர் சொன்னால் பாசத்தில்தான் சொல்வார், ஆனால் இந்த நோயில் இடம் மாறினால் குழப்பம் கூடும், பழகாத பாத்ரூமைத் தேடி ராத்திரி விழுவார்கள். ஆட்கள் மாறி மாறி வரட்டும், அவர் தன் கட்டிலிலேயே இருக்கட்டும். பத்து நாளும் நாத்தனார் தனியாகப் பார்க்க வேண்டும், நீங்கள் கூட இருந்து விருந்தாளிக்குச் சமைத்துப் போட்டால் அர்த்தமே இல்லை.

சொந்தங்கள் கடைசிவரை நழுவினால், சட்டம் என்ன சொல்கிறது என்பதை உங்கள் கணவராவது தெரிந்து வைத்திருக்கட்டும். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின்படி பிள்ளைகள் என்றால் வயதுக்கு வந்த மகன், மகள், பேரன், பேத்தி. பொறுப்பு மகளுக்கும் மகனுக்கும் ஒரே மாதிரி, மருமகள் அந்தப் பட்டியலிலேயே இல்லை. இதை வைத்துச் சண்டை போடச் சொல்லவில்லை, "இது உன் கடமைதானே" என்று யாராவது உங்களைப் பார்த்துச் சொல்லும்போது நீங்கள் கூனிக் குறுக வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

உதவிக்கு வருகிறவரை ஏஜென்சி மூலம் எடுத்தாலும் தெரிந்தவர் மூலம் எடுத்தாலும் ஆதார் நகல் வாங்கி வையுங்கள், நகைகளை லாக்கரில் வைத்துவிடுங்கள், முதல் வாரம் முழுக்க நீங்கள் கூடவே இருந்து பழக்குங்கள். மாமியார் முதலில் முரண்டு பிடிப்பார், அதைப் பார்த்து இரண்டாம் நாளே நிறுத்திவிடுகிற வீடுகள் அதிகம். மூன்று வாரமாவது பொறுத்துப் பாருங்கள். அரசுப் பக்கத்திலும் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு, நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும், வலியையும் அவதியையும் குறைக்கும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் உண்டு, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அல்லது பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் மாமியாரின் பெயரைப் பதியச் சொல்லுங்கள். மனநல மருத்துவரைப் பார்க்க மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் பிரிவு இருக்கும். முதியோருக்கான உதவி எண் 14567, காலை எட்டு முதல் ராத்திரி எட்டுவரை. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனம் டிமென்ஷியா உள்ளவர்களுக்கும் குடும்பத்துக்கும் தனியாகச் சேவை நடத்துகிறது, நாத்தனார் அந்த ஊரில்தானே இருக்கிறார், அங்கே போய்க் கேட்டு வருவதை அவர் வேலையாக ஒப்படையுங்கள். 1992இல் கேரளத்தில் தொடங்கிய இந்திய அல்சைமர் அமைப்புக்கும் (அல்சைமர் என்பது டிமென்ஷியாவில் ஒரு வகை) பல ஊர்களில் கிளைகள் உண்டு. 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வின்படி நம் நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது. உங்கள் தெருவிலேயே இன்னொரு வீடு இருக்கலாம், அவர்களும் வெளியே சொல்லாமல் கதவைச் சாத்தி வைத்திருக்கலாம்.

பேசினால் என்ன ஆகிவிடப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கோவாவில் டிமென்ஷியா உள்ள 81 குடும்பங்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, 2008இல் முடிவு வெளியானது. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் வீட்டுக்கு வந்து நோயைப் பற்றி விளக்கினார்கள், தொந்தரவான நேரங்களை எப்படிச் சமாளிப்பது என்று கூடவே இருந்து காட்டினார்கள், பார்த்துக்கொள்கிறவர் சொல்வதைக் கேட்டார்கள். ஆறு மாதத்தில் அந்தப் பார்த்துக்கொள்கிறவர்களின் மனநலம், உதவி கிடைக்காதவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தது. லண்டன் பக்கம் 260 பேரை வைத்து நடந்து 2013இல் வெளியான ஆய்விலும் அதேதான், மனநல டாக்டர்கள் கூட இல்லை, பயிற்சி எடுத்த உளவியல் பட்டதாரிகள் எட்டே எட்டு முறை உட்கார்ந்து பேசினார்கள், மனச்சோர்வு குறைந்தது. பேச்சோடு கூட "நாளைக்கு அந்த நேரத்தில் இதைச் செய்து பார்ப்போம்" என்று ஒரு திட்டமும் இருந்தது, அதனால்தான் பலன் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

உங்கள் உடம்பையும் பாருங்கள். அமெரிக்காவின் ஒஹாயோவில் 1995இல் ஒரு ஆய்வு செய்தார்கள், டிமென்ஷியா உள்ளவரைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கும் மற்ற பெண்களுக்கும் கையில் ஒரே அளவு சின்னக் காயம் செய்து ஆறும் நாளைக் கணக்கெடுத்தார்கள். பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு அது ஆற ஒன்பது நாள் கூடுதலாக ஆனது. மனபாரம் உடம்பில் இவ்வளவு இறங்குகிறது. உங்களுக்கு வயது 46, மாதவிடாய் நிற்கப்போகும் காலமும் சேர்ந்திருக்கலாம், அதிலேயே தூக்கம் கெடும், எரிச்சல் கூடும். ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, ரத்தசோகை நான்கையும் இந்த மாதமே பார்த்துவிடுங்கள். மாமியாரை டாக்டரிடம் கூட்டிப் போகிற அன்றே உங்களுக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள், தனியாகப் போக உங்களுக்கு நாள் கிடைக்காது. மாமியாரைத் தனியாகத் தூக்காதீர்கள், தூக்கிவிடும் முறையைப் பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

தூங்க வாய்ப்புக் கிடைத்தும் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல், தினம் அழுகையாக இரண்டு வாரம் போனால் அது வெறும் களைப்பு இல்லை, மனச்சோர்வாக இருக்கலாம், மருந்தும் ஆலோசனையும் நன்றாகக் கேட்கும். நானே இல்லாமல் போய்விட்டால் என்ன என்று தோன்றினாலோ, மாமியாரை ஏதாவது செய்துவிடுவேனோ என்று பயம் வந்தாலோ ஒரு நாள் கூடத் தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள், 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்கு உதவும் சென்னை சினேகா அமைப்பின் எண் 044 24640050. இரண்டையும் இப்போதே போனில் பதிந்து வையுங்கள்.

முதியோர் இல்லம் பற்றியும் கேட்டிருந்தீர்கள், ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தோடு. இடம் மாறினால் குழப்பம் கூடும் என்று சொன்னேன், ஆனாலும் டிமென்ஷியா உள்ளவர்களைக் கவனிக்கத் தெரிந்த, ராத்திரியில் ஆள் இருக்கிற இடமாக இருந்தால், இரண்டு வாரம் தங்க வைத்து நீங்கள் தேறி வருவதில் தவறு ஒன்றும் இல்லை. முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு சாயங்காலம் போய்ப் பாருங்கள், வாடையை வைத்தே பாதி தெரிந்துவிடும். நோய் இன்னும் முற்றி, வீட்டில் இரண்டு பேர் சேர்ந்தாலும் முடியாத நிலை வந்தால் நிரந்தரமாகச் சேர்ப்பதும் பராமரிப்புதான். ஊர் பேசும், ராத்திரி இரண்டு மணிக்கு அந்த ஊர் உங்கள் வீட்டுக்கு வரப்போவதில்லை.

கடைசியாக உங்கள் மகள். பாட்டி தன்னை அடையாளம் தெரியாமல் "யாருடி இவ, வெளிய போ" என்று திட்டுவதால் அவள் பாட்டி பக்கமே போவதில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அவளைக் கட்டாயப்படுத்தாதீர்கள். மூளையில் என்ன நடக்கிறது என்று பெரிய மனுஷிக்குச் சொல்வதுபோல் சொல்லுங்கள், பாடத்தில் நரம்பு மண்டலம் படிக்கிற வயதுதான், புரிந்துகொள்வாள். பாட்டியோடு அவளுக்குப் பிடித்தமாக ஒரே ஒரு வேலை இருக்கட்டும், தலை பின்னி விடுவதோ, பழைய ரேடியோப் பாட்டு போட்டுக் காட்டுவதோ. பேர் மறந்தவர்கள்கூடப் பாட்டு வந்தால் வாயசைப்பார்கள். ராத்திரி காவல், கழிவறை வேலை அவளுக்கு வேண்டவே வேண்டாம், இந்த வருஷம் பொதுத்தேர்வு. அவளுடைய வகுப்பு டீச்சரிடம் வீட்டு நிலைமையை ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், தூங்காமல் போன ராத்திரிக்கு மறுநாள் தாமதமாகப் போனால் அவள் தனியாக விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.